கம்பியில் கோத்த கடிதங்கள்: எவற்றை வைப்பது, எவற்றை விடுவது?

செங்கோட்டை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடும்பக் கடிதங்களை ஆவணத்தொகுப்பாக ஒழுங்குபடுத்திய அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு காலமான என் பெரியப்பா, ஆரியங்காவுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். வீடு செங்கோட்டையில், வேலை மலைக்கு மேற்கே. திங்கட்கிழமை காலை மீட்டர்கேஜ் ரயிலில் குகையைக் கடந்து போனாரென்றால் வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்புவார். அங்குள்ள தோட்டங்களில் வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், வருகிற பதிலை வாசித்துக் காட்டுவதும் அவருடைய மாலைநேர வழக்கமாக இருந்தன. பதில்கள் 'மே/பா' (மேற்பார்வை) என்று அவருடைய பெயரைத் தாங்கியே வந்தன. லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், காகிதத்தைப் பத்திரப்படுத்த இடமில்லாததால், வாசித்துக் கேட்டபின் பலரும் கடிதத்தை அவரிடமே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இவை போக, அவருக்கு வந்த சொந்தக் கடிதங்கள், அவருடைய தந்தையான என் தாத்தாவுக்குத் திருவிதாங்கூர் அஞ்சலில் வந்த கடிதங்கள், நண்பர்கள் மலையாளத்தில் எழுதியவை, திருமண, கருமாதிப் பத்திரிகைகள், மணியார்டர் துண்டுகள் என்று ஏறக்குறைய 4,000 உருப்படிகள் இருக்கின்றன. பெரும்பகுதி, அந்தக் காலத்து வழக்கப்படி, வளைந்த இரும்புக் கம்பிகளில் குத்தப்பட்டு, 11 கம்பிகளாகத் தட்டுப்பந்தலின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி இரண்டு டிரங்குப் பெட்டிகளில் உள்ளது.

எங்கள் வட்டாரத்து நூலகம் ஒன்று இவற்றைப் பெற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறது. ஆனால் ஒரு பீரோவின் இரண்டு தட்டுகளுக்குமேல் இடம் தர இயலாது என்றும், 'முக்கியமானவற்றை மட்டும்' தேர்ந்து தைமாதத்துக்குள் தந்தால் நல்லது என்றும் சொல்லிவிட்டார்கள். நானும் ஆர்வத்தோடு உட்கார்ந்து முதல் கம்பியை உருவி, தமிழறிஞர்கள், அரசியல் தலைவர்கள், ஊர்ப் பெரியவர்கள் எழுதியவற்றை ஒரு பக்கமும் மற்றவற்றை இன்னொரு பக்கமுமாகப் பிரித்தேன். மாலையில் பார்த்தபோது முக்கியம் என்று நான் ஒதுக்கியவை ஏழு கடிதங்கள். அவற்றில் ஐந்து, 'தங்கள் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி' என்பதற்குமேல் எதுவும் சொல்லாதவை. ஒதுக்கித் தள்ளிய குவியலிலோ, பெண் குழந்தை பிறந்ததைப் பதினைந்து நாள் கழித்துத் தோட்டத்தில் இருக்கும் தகப்பனுக்குத் தெரிவிக்கிற அஞ்சலட்டை இருந்தது. 'என்ன பேர் வைக்க என்று கேட்டு எழுதவும்' என்று அதில் எழுதியிருந்தது. நான் செய்துகொண்டிருப்பது தவறு என்று அப்போது பட்டது. எது சரி என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் மஞ்சள் துணியில் தனியே முடிந்து வைக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய மகளான என் அக்கா, அவற்றைப் பிறர் பார்க்கக்கூடாது, தாமிரபரணியில் விட்டுவிடலாம் என்கிறார். அதோடு, 'பார்த்ததும் கிழித்துவிடவும்' என்று அடிக்கோடிட்டு முடிகிற கடிதம் ஒன்று தாத்தாவின் கம்பியில் இருக்கிறது. எழுதியவர் கிழிக்கச் சொன்னதை நாம் வைத்துக்கொள்வது முறையா? அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரமனைவாசி எழுதியது:

அம்மா, நீங்கள் நிறுத்தியது மிகவும் நல்லது. நான் திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் ஆவணப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன். தயவுசெய்து இனி ஒரு கம்பியையும் உருவாதீர்கள்.

கம்பி என்பது வெறும் தொங்கல் அல்ல. வந்த கடிதம் வந்த நாளில் குத்தப்படுவதால், கீழிருந்து மேலாக அது ஒரு நாட்குறிப்பாகவே அமைந்துவிடுகிறது. தேதியிடாத கடிதம் ஒன்று, தேதியிட்ட இரண்டுக்கு நடுவே இருந்தால் அதன் காலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். உருவிய மறுகணம் அந்தச் சாட்சியம் போய்விடும். ஆகவே கம்பியிலேயே வைத்துக்கொண்டு, அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றின் பின்புற மூலையிலும் மென்மையான பென்சிலால் கம்பி எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். 3/118 என்றால் மூன்றாம் கம்பியில் நூற்றுப் பதினெட்டாவது. பேனா கூடாது. எண்ணிட்டு முடித்தபின் கம்பியின் கொக்கியை வெட்டிவிட்டு, கடிதங்களை மேல்பக்கமாகவே மெல்லக் கழற்றலாம். நீங்கள் கலைத்துவிட்ட முதல் கம்பியையும் பெருமளவு மீட்க முடியும். துளையைச் சுற்றியுள்ள துருக்கறையின் வடிவம் அடுத்தடுத்த தாள்களில் ஒன்றுபோலவே படிந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்து ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். அஞ்சல் முத்திரைகளும் கைகொடுக்கும்.

இப்போது உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். 'முக்கியமானவற்றை மட்டும்' என்ற சொல்தான் குடும்பத் தொகுப்புகள் பலவற்றைப் பாழாக்கியிருக்கிறது. பெயர்பெற்ற ஒருவர் எழுதிய நான்கு வரி நன்றிக் கடிதத்தைப்போல நூற்றுக்கணக்கில் வேறு இடங்களில் இருக்கும். பெயர் வைக்கக் கேட்ட அந்த அஞ்சலட்டைக்கு இன்னொரு படி உலகத்தில் எங்கும் இல்லை. அந்தத் தொழிலாளர்களைப் பற்றித் தோட்டத்துப் பேரேடுகளில் பெயரும் கூலியும் பற்றுவரவும் இருக்கலாம். அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், யாரை நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஊரில் விட்டுவந்த பசுவைப் பற்றி என்ன கேட்டார்கள் என்பவையெல்லாம் தெரியவரும் பதில்கள் உங்கள் தட்டுப்பந்தலின் கீழ்தான் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு தட்டுகளில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் அந்த 'மே/பா' கடிதங்களுக்குத்தான் என்பேன்.

தேர்வை ஒற்றைக் கடிதமாகச் செய்யாதீர்கள், தொடராகச் செய்யுங்கள். ஒருவர் பத்தாண்டுகளில் எழுதிய நாற்பது கடிதங்களில் 'சிறந்த' ஐந்தை மட்டும் வைத்தால், அந்த ஐந்தும் அர்த்தமிழந்துவிடும். வைப்பதானால் நாற்பதையும் வையுங்கள், விடுவதானால் நாற்பதையும் விடுங்கள். உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் காத்து வைத்திருந்ததால்தான், பதிப்புப் பணியில் அவருக்குச் சுவடி தேடித் தந்தவர்களின் உழைப்பு நமக்குத் தெரிகிறது. உங்களூருக்குப் பக்கத்திலேயே, குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடிதங்கள் நூலாக வர முடிந்ததற்குக் காரணம், அவற்றைப் பெற்றவர்கள் நலம் விசாரிப்பு என்றும் இலக்கியம் என்றும் பிரித்துக் கிழிக்காமல் முழுதாக வைத்திருந்ததுதான்.

காலத்தை அறிவதில் உங்கள் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிரமமும் தனி வசதியும் உண்டு. தாத்தாவின் கடிதங்களில் 1125, 1130 என்று இருந்தால் அவை திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுகள். ஆவணி முதல் மார்கழி நடுவரை 824-ஐயும், சனவரி பிறந்தபின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1 என்பது கொல்லம் கணக்கில் 1132 ஐப்பசி. சங்கு முத்திரையும் சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயக் கணக்கும் கொண்ட உறைகள் திருவிதாங்கூர் அஞ்சலைச் சேர்ந்தவை. 1951-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. நீலநிற உள்நாட்டுக் கடிதத்தாள் 1950-இல்தான் வந்தது. அஞ்சல்தலையில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்திய அச்சு, நயா பைசா இருந்தால் அதற்குப் பிந்தியது. முகவரியில் சென்னை மாநிலம் என்றிருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். எழுத்துச் சீர்திருத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஆணையிட்ட பிறகும் முதியவர்கள் துதிக்கை போட்ட பழைய 'லை', 'னை'களைக் கடைசிவரை எழுதினார்கள். இந்தக் காரணங்களுக்காகத்தான், வெற்று உறை என்று எதையும் எறிய வேண்டாம் என்கிறேன். 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் குறித்த கடிதத்துக்கு அதன் உறையே பிறப்புச் சான்று.

எதையும் விடவே கூடாதா என்று கேட்பீர்கள். விடலாம். ஒரே திருமணப் பத்திரிகையின் இரண்டாம் படி, கையெழுத்தின்றி அச்சிட்டு வந்த சுற்றறிக்கைகள், கடைப் பட்டியல்கள், பெயர் மட்டும் ஒப்பமிட்ட வாழ்த்து அட்டைகள் ஆகியவற்றைக் கழித்தாலே கணிசமான இடம் மிஞ்சும். 'இதைப்போல் பத்துப் பேருக்கு எழுதாவிட்டால் கெடுதல் வரும்' என்ற அஞ்சலட்டைகள் பத்து இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு எட்டை விடுங்கள். ஆனால் மணியார்டர் துண்டுகளை விடாதீர்கள். அந்த இரண்டு விரற்கடை இடத்தில் எழுதிய செய்திதான் பல குடும்பங்களில் மாதத்துக்கு ஒருமுறை நடந்த ஒரே பேச்சு. கழித்தவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதித் தொகுப்போடு வைத்துவிடுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு, இல்லாதது எது என்பதும் தெரிய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. தோட்டக் கடிதங்களில் சில, காப்பியிங் பென்சிலால் எழுதப்பட்டிருக்கலாம். பார்க்க சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறமாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகக் கலைந்தோடும். ஈரத்துணியால் தூசி துடைக்க வேண்டாம். உலர்ந்த மென்தூரிகை போதும். துருப்பிடித்த குண்டூசி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். செல்லோடேப் ஒட்டுவதும் லாமினேஷன் செய்வதும் கொலைக்குச் சமம்.

கொழிஞ்சாம்பாறைக்காரர் எழுதியது:

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. கரமனைவாசி ஐயா சொன்னதற்கு எங்கள் வீடே சாட்சி என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா நிலம், நீர்ப்பங்கு தொடர்பாக நாற்பது ஆண்டுகள் இருபுறமும் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். அவர் மறைந்தபின் சித்தப்பா ஒருவர் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து, தலைப்பு அச்சிட்ட தாளில் வந்தவற்றை எல்லாம் வைத்துக்கொண்டு, அஞ்சலட்டைகளையும் மலையாளக் கடிதங்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். எங்கள் தலைமுறையில் வீட்டில் மலையாளம் பேசுவோமே தவிர வாசிப்பவர்கள் அன்று குறைவு. வாசிக்க முடியாததால் அவை பயனற்றவை என்று முடிவாகிவிட்டது. இன்று எஞ்சியிருக்கும் கடிதங்களில் 'தாங்கள் முன்கடிதத்தில் கேட்டிருந்த அந்த விஷயம்' என்று வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்த விஷயம் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, செங்கோட்டை அம்மா அவர்களே, மலையாளக் கடிதங்களை முதலில் பாதுகாப்பான பக்கத்தில் வைத்துவிடுங்கள். எல்லைப்புறத்து மனிதர்களின் வாழ்க்கை இரண்டு மொழியிலும் சேர்ந்தே ஓடியது. தமிழ்த் தொகுப்பு என்று பெயரிட்டு ஒரு பாதியை அறுத்துவிட்டால் மிச்சமிருப்பது உங்கள் பெரியப்பா அல்லர். நாங்கள் பேசுகிற தமிழை மலையாள எழுத்தில் எழுதிய கடிதங்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படி ஏதேனும் உங்களிடம் கிடைத்தால், மொழி ஆராய்வோருக்கு அது பெரிய செல்வம். எழுத்தைப் பார்த்து மலையாளக் கட்டில் போட்டுவிடாமல், யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

நூலகம் இரண்டு தட்டுதான் தரும் என்றால், அதற்குள் அடங்காததை அழிக்க வேண்டும் என்று பொருள் அல்லவே. வீட்டில் ஒரு பெட்டி இருந்தால் அது இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கும்.

தென்மலை மகள் எழுதியது:

நான் தோட்டத் தொழிலாளியின் மகள். என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கொல்லம் மாவட்ட மலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். எங்கள் லயத்திலும் இப்படிக் கடிதம் எழுதித் தருகிற வாத்தியார் ஒருவர் இருந்தார்.

மேலே இருவரும் 'வையுங்கள்' என்கிறீர்கள். நானும் அதையே சொல்ல வந்தேன், ஆனால் வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதங்கள் அறிஞருக்கு எழுதப்பட்டவை அல்ல. என் அம்மா வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள். ஊரில் கடிதத்தைப் பெற்ற என் பாட்டிக்கும் எழுத்துத் தெரியாது. அங்கும் ஒரு தபால்காரரோ பிள்ளையோ வாசிக்க வேண்டும், பதிலையும் வேறு கைதான் எழுத வேண்டும். இரண்டு முனையிலும் சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர். இரண்டு பேருடைய நாணயத்தை நம்பித்தான் ஒரு பெண் தன் கருக்கலைந்ததையும், கணவன் குடிப்பதையும், கங்காணியிடம் வாங்கிய கடனையும் சொன்னாள். அதே கடிதம் இன்று நூலகத்தில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கப்பட்டு, அதில் பெயரும் ஊரும் சாதியும் இருந்தால், அவளுடைய பேரப்பிள்ளைகள் அதே தென்காசிப் பேருந்தில் உங்களோடு பயணம் செய்துகொண்டிருப்பார்கள்.

இதனால் எரிக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எங்களைப் பற்றி எழுதிவைக்க எங்களுக்கு வாய்ப்பே இருந்ததில்லை. இருக்கிற கொஞ்சத்தையும் மரியாதை என்ற பெயரில் எரித்தால் நாங்கள் வாழ்ந்ததற்கே தடயம் இராது. நான் கேட்பது, இத்தனை ஆண்டுகளுக்கு யாருக்கும் காட்டக்கூடாது என்று முத்திரையிட்டு வையுங்கள் என்பதே. எந்தக் கட்டை எந்த ஆண்டுவரை மூடிவைப்பது என்பதை நூலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் வந்து, 'எங்கள் அம்மா பெயரில் கடிதம் உண்டா?' என்று கேட்டால் முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். என் அம்மா சொல்லி எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவள் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே இடது பெருவிரலை உருட்டிவைப்பாள் என்று அண்ணன் சொல்வான். அந்த ரேகையை ஒருமுறை பார்த்தால் போதும் எனக்கு.

நாகர்கோவில் வழக்கறிஞர் எழுதியது:

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடிதம் எழுதப்பட்ட தாள் பெற்றவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சொந்தம். ஆனால் அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவருக்கு உரியது. அவர் இறந்ததோடு அது முடிந்துவிடுவதும் இல்லை, வாரிசுகளிடம் செல்கிறது. எனவே உங்கள் குடும்பம் இந்தத் தாள்களை நூலகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நூலகமோ நீங்களோ அவற்றை நூலாக அச்சிடவோ இணையத்தில் ஏற்றவோ விரும்பினால் எழுதியவரின் வாரிசுகளைத் தேடி அனுமதி பெறுவதே முறை. ஒப்படைக்கும்போது ஒரு கொடைப் பத்திரம் எழுதுங்கள். எந்தப் பகுதி எதுவரை மூடியிருக்கும், நூலகம் பிற்காலத்தில் வேண்டாமென்றால் பழைய காகிதத்துக்குப் போடாமல் குடும்பத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டும் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

மஞ்சள் துணிக் கட்டைப் பற்றி என் கருத்து சற்று வேறு. தம் தாய் தந்தையரின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு மகள் விரும்பினால், வரலாறு என்ற பெயரில் அவரை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. எரிப்பதாக இருந்தாலும் அது அவருடைய முடிவே. அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். துக்கம் நடந்த ஆண்டில் எடுக்கும் முடிவுகளைத் தலைத்திவசத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கரமனைவாசி எழுதியது:

வழக்கறிஞர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தென்மலை மகள் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிலில் ஒரு குறை இருப்பது தெரிகிறது. எதை வைப்பது என்று சொன்னேன், யாருக்குத் திறப்பது என்று சொல்லாமல் விட்டேன். இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். நோய், கடன், மணவாழ்க்கை பற்றி வெளிப்படையாகப் பேசுகிற தொழிலாளர் கடிதங்களை, அவற்றில் பேசப்படும் குழந்தைகளின் ஆயுட்காலத்தையும் கணக்கில் கொண்டு மூடிவைப்பதே நியாயம். பட்டியலில் பெயரைப் போடாமல், 'தோட்டத் தொழிலாளி, பெண், ஊரிலிருந்து' என்ற அளவில் குறித்தால் போதும். பெயர்ப் பட்டியல் தனி ஏட்டில், உங்கள் குடும்பத்தின் கையிலேயே இருக்கட்டும். அந்த ஏட்டைப் பார்த்துத்தான் தென்மலை மகள் போன்றவர்களுக்குப் பதில் சொல்ல முடியும்.

செங்கோட்டை வாசகி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அக்காவும், அத்தானும், பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தியும், நானுமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து ஆறு கம்பிகளுக்கு எண்ணிட்டு முடித்துவிட்டோம். நான் கலைத்துப்போட்ட முதல் கம்பியில் முக்கால்வாசியைத் துருக்கறை பார்த்தே மீண்டும் அடுக்கிவிட்டோம். கறை ஒரு பக்கம் வால்போல நீண்டிருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் ஓடு ஒழுகி அந்தக் கம்பி நனைந்ததை அக்காதான் நினைவுபடுத்தினார்.

தேர்வை அடியோடு மாற்றிக்கொண்டோம். 'மே/பா' கடிதங்கள் அனைத்தும் நூலகத்துக்குப் போகின்றன. பெரியவர்களின் நன்றிக் கடிதங்கள் அந்தந்தத் தொடரோடு இருந்தால் மட்டும் போகும். மலையாளக் கடிதங்கள் முழுவதும் போகும். அச்சுப் பத்திரிகைகளில், மஞ்சள் தடவிய மூலையில் யாராவது கையால் ஒரு வரி சேர்த்திருந்தால் வைக்கிறோம், மற்றவற்றில் ஒரு படி. இரண்டு தட்டு மூன்றரை ஆகிவிடும்போல் இருக்கிறது. நூலகத்தாரை வீட்டுக்கு அழைத்துக் கம்பிகளைக் காட்டினோம். அவர்களே ஒரு தட்டு கூட்டித் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். மிச்சம் வீட்டில் இருக்கும்.

மஞ்சள் துணி முடிச்சை அக்கா தம்முடைய பீரோவில் வைத்துக்கொண்டார். தம் காலத்துக்குப் பின் தம் மகள் முடிவு செய்யட்டும் என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் செருகியிருக்கிறார். ஆற்றில் விடுவதைப் பற்றி இப்போது பேசுவதில்லை. முடிச்சை நாங்கள் யாரும் அவிழ்க்கவில்லை.

கிழிக்கச் சொன்ன கடிதத்தை அக்காவும் நானும் சேர்ந்து வாசித்தோம். 1130 ஆவணி என்று தேதி, கல்குளம் பக்கத்து நண்பர் ஒருவர் தாத்தாவுக்கு எழுதியது. 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குச் சில நாட்கள் கழித்து எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிய தமிழர் போராட்டத்தில் இருந்த தம் தங்கை மகனைச் சில காலம் செங்கோட்டையில் தங்கவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பையனின் பெயரை எழுதாமல், 'நீங்கள் நாகராசா கோவிலில் பார்த்த பிள்ளை' என்று குறித்திருக்கிறார். கடிதம் நான்காக மடித்து, மடிப்பில் பாதிவரை கிழிக்கத் தொடங்கி, அப்படியே நிறுத்திக் கம்பியில் குத்தப்பட்டிருக்கிறது. தாத்தா ஏன் நிறுத்தினார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்கவைத்த ஆபத்து நீங்கி எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டதாலும், அதில் பெயர் எதுவும் இல்லாததாலும் அதைத் தொகுப்பில் சேர்க்கிறோம். கிழிந்த இடத்தை ஒட்டவில்லை. எண் 2/41.

தென்மலை மகள் அவர்களுக்கு: பெருவிரல் ரேகை வைத்த கடிதங்கள் இதுவரை 23 கிடைத்துள்ளன. ஆனால் அவை எங்களிடம் வந்த பதில்கள் என்பதால், ரேகைகள் ஊரில் இருந்தவர்களுடையவை. உங்கள் பாட்டியின் ஊர்ப்பெயரை எனக்குத் தனிமடலில் எழுதுங்கள். ஏழாம் கம்பியிலிருந்து அதையும் தேடிக்கொண்டே போகிறோம். பழைய மலையாளக் கையெழுத்தை வாசிக்கக் கூடியவர்கள் யாரேனும் ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கோட்டைக்கு வர இயலுமானால் தெரிவியுங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.